செம்பாக்கம் முதல் பள்ளிக்கரணை வரை: ஏரிகளுக்கு நடுவில் உள்ள வாய்க்கால்களை வரைபடத்தில் ஏற்றிய வேலை

தாம்பரத்துக்குக் கிழக்கே பெய்யும் மழை கடலைச் சேர நெடுந்தூரம் போக வேண்டும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் நன்மங்கலம் ஏரிக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு, அப்புறம் நாராயணபுரத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கித் தெற்கே ஓடி முட்டுக்காட்டில் கடலில் கலக்கிறது. இந்த ஏரிகளின் பெயர் இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். கரையில் நடைபாதை போட்டால் செய்தி வருகிறது, தூர் வாரினால் படம் வருகிறது. ஓர் ஏரியை அடுத்த ஏரியோடு இணைக்கும் வாய்க்காலைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. பல இடங்களில் அது எங்கே ஓடியது என்பதே இப்போது அதன்மேல் நடப்பவர்களுக்குத் தெரியாது.

இந்தச் சங்கிலியில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே உள்ள ஒரு துண்டை எடுத்து, அதன் வாய்க்கால், சரிவு, புல எண் (சர்வே எண்), நகரின் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) தந்த வண்ணம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொண்டுவருவதுதான் வேலை. எங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் போடத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. வடிகாலின் வழியைத் தெருக்களை வைத்து மட்டும் முடிவு செய்துவிடக் கூடாது, தண்ணீரின் பழைய வழியும் அந்த மேசைக்குப் போக வேண்டும் என்று குடியிருப்போர் நலச் சங்கத்தில் நாங்கள் சிலர் நினைத்தோம். வரைபடங்களைக் கணினியில் அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதை ஜிஐஎஸ் என்கிறார்கள்; அதற்கான முழுக்க இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் செய்தோம். எந்தத் துண்டு, எந்தப் புல எண்கள் என்பதை இங்கே எழுதவில்லை. அவற்றின்மேல் இன்று குடும்பங்கள் வாழும் வீடுகள் இருக்கின்றன. செய்முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன். வேறு ஏரிக்கு இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

ஏன் ஜிஐஎஸ், ஒரு நல்ல வரைவாளர் போதாதா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பெருந்திட்டம் நிலத்தைப் புல எண் வாரியாக வண்ணம் தீட்டிப் பார்க்கிறது: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம், திறந்தவெளி. வருவாய்த் துறை அதே நிலத்தைப் பட்டா, புறம்போக்கு என்று பார்க்கிறது. தண்ணீருக்கு இரண்டும் தெரியாது, சரிவு மட்டும்தான் தெரியும். மூன்றும் தனித்தனி அளவில், தனித்தனி தாளில், தனித்தனி அலுவலகத்தில் இருக்கும்வரை ‘இந்த மஞ்சள் வண்ண மனையின் அடியில் வாய்க்கால் ஓடுகிறதா?’ என்ற எளிய கேள்விக்குப் பதில் கிடைக்காது. 1960-களில் இயன் மெக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர் அமெரிக்காவில் ஒளிபுகும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிலத்தின் தகுதியைப் பார்த்தார். அதே பத்தாண்டில் ரோஜர் டாம்லின்சன் கனடாவில் அந்த அடுக்கும் வேலையைக் கணினிக்குக் கொண்டுபோனார். நாங்கள் செய்ததும் அடிப்படையில் அதுதான். தாள்களை ஒரே இடத்தில் பொருத்துவதுதான் பெரும்பாடு.

அந்தப் பொருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். திட்டக் கோப்பைத் திறந்ததும் முதல் வேலை ஆயத்தொலை முறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையை, யூடிஎம் 44 வடக்கு என்று வைப்பது. யூடிஎம் பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை; மென்பொருளில் இதன் குறியீடு இபிஎஸ்ஜி 32644. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டு யூடிஎம் மண்டலங்களாகப் பிரிக்கிறது. கோவை 43-இல் வரும். மதுரை, திருச்சி, சென்னை 44-இல். இதைச் சரியாக வைத்தால்தான் நீளமும் பரப்பும் மீட்டரில் கிடைக்கும். டிகிரியிலேயே விட்டுவிட்டு வாய்க்காலைச் சுற்றி 15 மீட்டர் பட்டை (பஃபர்) போட்டால், மென்பொருள் அதை 15 டிகிரி என்று எடுத்துக்கொண்டு இந்தியாவில் பாதியை மூடிவிடும்.

அடுத்து பழைய நிலவரைபடம். இந்திய சர்வே துறையின் பழைய தாள்களில் ஏரிக்கரை, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), ஓடை எல்லாம் அழகாக இருக்கும். ஸ்கேன் செய்த தாளைப் பூமியில் அதன் இடத்தோடு பொருத்தும் கருவியான ஜியோரெஃபரன்சரில் ஏற்றி, தாளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் புள்ளிகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொடுத்தால் கச்சிதமாக உட்காரும் என்றுதான் தோன்றும். உட்காராது. அந்தத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் படமும் செல்போனும் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்84 என்ற இன்றைய கணக்கு. இரண்டுக்கும் நடுவே நம் ஊர்ப் பக்கம் நூறு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வருகிறது. ரயில் பாதை அடுத்த தெருவுக்குப் போய்விடும். தாளை முதலில் எவரெஸ்ட்டை அடிப்படையாகக் கொண்ட கல்யாண்பூர் 1975 முறையில், இபிஎஸ்ஜி 4146 என்று பொருத்தி, அதன்பிறகு யூடிஎம்முக்கு மாற்றினால் ரயில் பாதை ரயில் பாதைமேல் வந்து நிற்கும். கோயில் குளம், ரயில்வே கேட், ஏரிக்கரையின் திருப்பம் என்று பல ஆண்டுகளாக இடம் மாறாதவற்றை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொருத்தும்போது மென்பொருள் பல கணித முறைகளைக் கேட்கும். ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ தேர்ந்தெடுத்தால் பிழை எல்லாப் புள்ளியிலும் பூஜ்யம் என்று காட்டும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அது தாளை ரப்பர் மாதிரி இழுத்து அந்தப் புள்ளிகளில் ஒட்டவைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நடுவில் எவ்வளவு வளைந்தது என்று தெரியாது. நான் நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்கும் முதல் படிப் பல்லுறுப்பு முறையையே பயன்படுத்துகிறேன். அதில் மிஞ்சும் பிழைதான் அந்தத் தாளை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குச் சொல்கிறது.

பழைய தாள் வாய்க்காலின் போக்கைச் சொல்லும். அகலத்தையும் உரிமையையும் சொல்லாது. அதற்கு எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படம் வேண்டும். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடான அ-பதிவேட்டையும் அங்கேயே பார்க்கலாம். முதலில் அ-பதிவேட்டில் கிராமத்தின் புல எண்களைப் பார்த்து, எவையெல்லாம் வாய்க்கால், ஓடை, ஏரி, பாதை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று ஓர் அட்டவணை எழுதிக்கொண்டோம். அவற்றின் புலப்படங்களையும் ஒட்டியுள்ள எண்களின் புலப்படங்களையும் இறக்கினோம்.

புலப்படத்தில் ஆயத்தொலைவு எதுவும் இருக்காது. எல்லைக்கற்கள், அவற்றை இணைக்கும் அளவுக்கோடு, அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எடுத்த ஆஃப்செட் அளவுகள், சுற்றிலும் பக்கத்துப் புல எண்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த அளவுகள் தரையில் சங்கிலி பிடித்து எடுத்தவை. எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடைக்காத நுணுக்கம் அவற்றில் இருக்கிறது. கோட்டின் தொடக்கத்திலிருந்து 38.4 மீட்டர் போய், இடப்பக்கம் 6.2 மீட்டர் திரும்பினால் எல்லையின் ஒரு வளைவு. இன்னும் சற்று தூரம் போனால் அடுத்த வளைவு. பழைய நகல்களில் அளவு லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி, மீட்டரில் 20.12. எந்த நகல் எந்த அளவில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பிடிஎஃப் படத்தை அப்படியே பொருத்தி அதன்மேல் கோடு வரைவது சுலபம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அளவுகளைப் படித்து, கியூஜிஐஎஸ்ஸின் மேம்பட்ட வரைதல் பலகையில் தூரமும் கோணமும் தட்டி ஒவ்வொரு புலத்தையும் எண்களிலிருந்தே கட்டினோம். தூரத்தைத் தட்டி என்டர், கோணத்தைத் தட்டி என்டர், கிளிக். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் கடைசிக் கோடு முதல் கல்லுக்கே திரும்பி வந்து சேர்கிறதா என்பதில் புலப்படத்தின் உள் ஒழுங்கும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. சேராமல் நின்றால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று திரும்பிப் பார்க்கலாம். அதன் பிறகு பக்கத்துப் புல எண்களை வைத்து ஒன்றோடொன்று சேர்த்தோம்.

இப்படிச் சேர்த்த தொகுதியைப் பூமியில் உட்காரவைக்கக் குறைந்தது இரண்டு கற்களின் உண்மையான இடம் தெரிய வேண்டும். மூன்று, நான்கு இருந்தால் நல்லது. கிராம எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட கல் கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்றபடி ஏரிக்கரை ஓரத்திலும் பழைய வண்டிப்பாதை ஓரத்திலும் இன்னும் கற்கள் நிற்கின்றன. வேலிக்காத்தான் புதரை விலக்கிப் பார்க்க வேண்டும். செல்போன் ஜிபிஎஸ் திறந்தவெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறும். இரண்டு மீட்டர் அகல வாய்க்காலுக்கு அது போதாது. அதனால் கல்லிலிருந்து படத்தில் தெளிவாகத் தெரியும் மதிற்சுவர் மூலைக்கு டேப் பிடித்து, அந்த அளவிலிருந்து கல்லின் இடத்தைக் கணக்கிட்டோம். பொருத்தும்போது ஹெல்மர்ட் முறை மட்டுமே. அது தொகுதியை நகர்த்தும், திருப்பும், ஒரே விகிதத்தில் பெரிதாக்கும், வடிவத்தைக் கோணலாக்காது. சர்வேயர் அளந்த வடிவத்தை நம் வசதிக்காக வளைக்க நமக்கு உரிமை இல்லை.

இதை முடித்துத் திரையில் கட்டட அடுக்கை ஏற்றியபோதுதான் முழுப் படமும் புலப்பட்டது. தன்னார்வலர்கள் வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வீடுகளும் சாலைகளும், பின்னணியில் செயற்கைக்கோள் படம், மேலே நாங்கள் கட்டிய வாய்க்கால். மேல் ஏரியின் கலங்கலில் தொடங்கும் வாய்க்கால் கொஞ்ச தூரம் தரையிலும் தெரிகிறது. சாக்கடை கலந்தாலும் ஓடுகிறது. பிறகு ஒரு சாலையைத் தொடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் படத்தில் கோடு தொடர்கிறது, தரையில் தொடரவில்லை. காலி மனைகள், இரண்டு வீட்டு மதில்களுக்கு நடுவே ஒரு சந்து, ஒரு கார் நிறுத்துமிடம், அப்புறம் மறுபடி புதர் மண்டிய பள்ளமாக வாய்க்கால் வெளியே வருகிறது. நடுவில் உள்ள துண்டு வாய்க்காலாக அ-பதிவேட்டில் இருக்கிறது. பெருந்திட்ட நிலப்பயன்பாட்டுப் படத்தில் அந்த இடம் முழுவதும் குடியிருப்பு வண்ணம்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. சென்னைப் பெருநகரின் இரண்டாம் பெருந்திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தபோது 1,189 சதுர கிலோமீட்டரைத் தன் கீழ் வைத்திருந்தது. அந்த அளவில் வரையும்போது இரண்டு மீட்டர் அகல வாய்க்கால் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். 1:10,000 அளவுப் படத்தில் இரண்டு மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தின்கீழ் நகரங்களுக்குப் போடச் சொன்ன ஜிஐஎஸ் அடிப்படைப் படத்தின் அளவு 1:4,000. அதிலும் அரை மில்லிமீட்டர்தான். ஆகவே வாய்க்காலை மற்ற அடுக்குகளில் தேடிக்கொண்டிருக்காமல், அதைத் தனி அடுக்காகப் புலப்படத்திலிருந்து கட்டிப் பெருந்திட்டத்துக்குள் வைக்க வேண்டும். நான் இந்த வேலையில் உறுதியாகச் சொல்ல வருவது இதுதான். சென்னையின் மூன்றாம் பெருந்திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. அதில் ஏரிகளுக்கு நீல வண்ணம் கட்டாயம் இருக்கும். நீலக் கோடுகளும் இருக்க வேண்டும்.

சரி, சரிவுக்கு வருவோம். நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகத் தரும் உயர மாதிரிக்கு, ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் தரவை எடுத்தோம். 13 டிகிரி அட்சரேகை கிண்டி, அடையாறு வழியாகப் போகிறது. அதற்குத் தெற்கே உள்ள நம் பகுதி 12 வடக்கு, 80 கிழக்கு என்ற சதுரத்தில் வரும். நகரின் வடபகுதியும் வேண்டும் என்றால் இரண்டு சதுரங்களை இறக்கி ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவைவிட இது மேல். எஸ்ஆர்டிஎம் உயரத்தை முழு மீட்டரில் மட்டுமே தருகிறது. தாம்பரம் கடல் மட்டத்துக்கு 30 மீட்டரை ஒட்டி இருக்கிறது. கிழக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில் பள்ளிக்கரணையில் கிட்டத்தட்டக் கடல் மட்டத்துக்கே இறங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட தட்டை நிலத்தில் முழு மீட்டர் தரவு படிக்கட்டு மாதிரி நிற்கும். அதில் கணக்கிட்ட நீரோட்டம் தெருத் தெருவாக நேர்கோட்டில் ஓடும்.

கோப்பர்னிக்கஸ் தரவிலும் மரத்தின் உச்சியும் வீட்டு மாடியும் சேர்ந்தேதான் உயரமாகப் பதிவாகியிருக்கும். நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில் இது நன்றாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ஏரிக்கரை. நீரோட்டம் கணக்கிடுவதற்கு முன்னால் பள்ளங்களை நிரப்பிவிடு என்று எல்லாப் பாடங்களும் சொல்கின்றன. நம் ஊரில் ஏரி என்பதே மனிதர் கரை கட்டி உண்டாக்கிய பள்ளம். அதை நிரப்பினால் மென்பொருள் தண்ணீரைக் கரையின் எந்த இடம் தாழ்வாகப் பதிவாகியிருக்கிறதோ அங்கே தாண்டவைக்கும். கலங்கல் வேறு இடத்தில் இருக்கும். இதற்கு நாங்கள் செய்தது: கலங்கல் இருக்கும் இடத்தில் கரையின் செல்களை (தரவின் 30 மீட்டர் கட்டங்களை) தாழ்த்தி, புலப்படத்திலிருந்து கட்டிய வாய்க்கால் வழியெங்கும் உயரத்தைச் சில மீட்டர் குறைத்து, அந்த மாதிரியின்மேல் கிராஸ் என்ற இலவச மென்பொருளில் நீரோட்டம் கணக்கிடும் ஆர்.வாட்டர்ஷெட் கருவியை ஓட்டினோம். பள்ளத்தை நிரப்பாமலே அது வேலை செய்யும். குறைந்தபட்சப் படுகையாக 500 செல் கொடுத்தோம். ஒரு செல் 900 சதுர மீட்டர், ஆகவே 45 ஹெக்டேர். அதைவிடச் சின்னதாகக் கொடுத்தால் தரவு தாங்காத நுணுக்கத்தில் கோடுகள் முளைக்கின்றன.

வாய்க்காலைச் செதுக்காமலும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த இடத்தில் நிலச்சரிவு பழைய வாய்க்காலோடு ஒத்துப்போகிறது, எந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கியதால் தண்ணீர் வேறு பக்கம் சாய்கிறது என்று தெரியும். எங்கள் துண்டில் அந்தப் பிரிவு சாலைக்குச் சரியாக மேற்கே வந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதாகக் குடியிருப்பவர்கள் சொல்லிவந்த தெருவும் அங்கேதான்.

செயற்கைக்கோள் பற்றி வேகமாக. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படத்தில் பச்சைப் பட்டையையும் அகச்சிவப்புப் பட்டையையும் வைத்து நீர்க் குறியீடு கணக்கிடுவது எல்லோரும் செய்வது, நாங்களும் செய்தோம். ஆகாயத்தாமரை மூடிய ஏரியை அது தோட்டம் என்றுதான் சொல்லும். தென்சென்னை ஏரிகளில் இந்தக் குறியீட்டை மட்டும் நம்பி ‘ஏரி சுருங்கிவிட்டது’ என்று எழுதிவிடக் கூடாது. நவம்பர், டிசம்பரில் மேகம் மூடியிருக்கும். அப்போது சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும். அமைதியான நீர்ப்பரப்பு கறுப்பாகத் தெரியும். ஆனால் வீடுகள் நெருங்கிய தெருவில் நிற்கும் தண்ணீரை ரேடாரும் தெளிவாகக் காட்டாது, சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை அதை மறைத்துவிடுகிறது. தெருவுக்குத் தெருவில் நடந்துதான் பார்க்க வேண்டும்.

நடந்தோம். செல்போனில் கியூஜிஐஎஸ் கோப்புகளைத் திறக்கும் க்யூஃபீல்டு செயலியைப் போட்டு, கணினியில் கட்டிய அதே அடுக்குகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, வாய்க்கால் கோட்டின்மேல் முடிந்த இடமெல்லாம் நடந்தோம். சிறுபாலம், குழாய், அடைப்பு, மதில், சாக்கடை சேரும் இடம் என ஒவ்வொன்றுக்கும் புள்ளி, படம், அகலம், ஆழம். கீழ் ஏரிக்கு அருகே முன்பு நெல் பயிரிட்ட பெரியவர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தார். செல்போன் திரையில் நீலக் கோட்டைக் காட்டி, “ஐயா, வாய்க்கா இப்படித்தான் போச்சா?” என்று கேட்டேன். கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். “இங்க இல்ல தம்பி. புளியமரத்துக்கு இந்தப் பக்கமா திரும்பும். ரோடு போட்டப்ப ஒரே ஒரு குழாய வச்சு மூடிட்டாங்க. அதுக்கு முன்னால தண்ணி அகலமா போவும், நாங்க துணியத் தூக்கிக்கிட்டு நடப்போம்.” புளியமரம் இன்னும் இருக்கிறது. குழாயும் இருக்கிறது, மண் மூடி. சாலையோரத்தில் தோண்டிப் பார்த்தபோது அதன் வாய் தெரிந்தது. எந்தப் பதிவிலும் இல்லாத அந்தக் குழாய்தான் எங்கள் படத்தில் மிக முக்கியமான புள்ளி.

அந்த இடத்தில் உயரம் துல்லியமாக வேண்டியிருந்தது. கோப்பர்னிக்கஸ் தரவிடம் அரை மீட்டர் வித்தியாசத்தைக் கேட்க முடியாது. மட்டம் பார்க்கும் சர்வே கருவியான ஆட்டோ லெவலை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூபை வைத்து முதல் அளவு எடுத்தோம். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூப். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், இரு பக்கமும் டேப்பால் கீழே அளந்தால் வித்தியாசம் கையில். முப்பது, நாற்பது அடிக்குள் அரை அங்குலத் துல்லியம் கிடைக்கிறது. பிறகு ஆட்டோ லெவலில் முழு நீளத்துக்கும் எடுத்து உறுதி செய்தோம். தெருவோரம் ஏற்கெனவே இருந்த கான்கிரீட் வடிகாலின் அடிமட்டம், வாய்க்காலின் அடிமட்டத்தைவிட உயரத்தில் இருந்தது. வடிகால் நிரம்பினால் வாய்க்காலுக்கு வரும். வாய்க்காலில் நீர் அந்த உயரத்தை எட்டும்வரை வடிகாலுக்குப் போக வழியில்லை. அந்த ஒரு குறுக்குவெட்டுப் படத்தைப் பொறியாளரிடம் காட்டியபோது நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குழாய் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கையும் படத்தோடு சேர்த்தோம். கணக்கு எளிது: ஓடும் நீர், கனமீட்டர்/விநாடியில் = ஓட்டக் கெழு × மழைச் செறிவு (மி.மீ./மணி) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. ஓட்டக் கெழு என்பது பெய்யும் மழையில் தரையில் இறங்காமல் ஓடிவரும் பங்கு. உதாரணத்துக்கு மேலே 50 ஹெக்டேர் பரப்பு, மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலும் புதருமாக இருந்த காலத்தில் கெழு 0.3 என்றால் விநாடிக்கு 2.5 கனமீட்டர். வீடும் தாருமாக மாறி 0.7 ஆனால் 5.8. ஒரு 900 மில்லிமீட்டர் குழாயில் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 1.3 கனமீட்டருக்கு மேல் போகாது. வயல் காலத்துக்கே போதாத குழாய். நிலப்பயன்பாட்டு அடுக்கு இங்கேதான் பயன்படுகிறது. பெருந்திட்டத்தில் இன்னும் கட்டப்படாமல் குடியிருப்பு வண்ணத்தில் இருக்கும் மனைகள் எல்லாம் கட்டப்பட்டால் கெழு எங்கே போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவுக்குச் சிறுபாலத்தை வடிவமைக்கலாம். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழையை எந்தச் சிறுபாலமும் தாங்காது, உண்மைதான். ஆனால் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கே தெருவில் தேங்குகிறது என்றால் அது அளவைப் பற்றிய விஷயம், சரி செய்யக்கூடிய விஷயம்.

உள்ளாட்சி எல்லைகளையும் ஒரு அடுக்காகப் போட்டுப் பார்த்தோம். இதை யாரும் கேட்கவில்லை, எனக்காகச் செய்தது. செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில், நன்மங்கலம் ஊராட்சி, கீழ்க்கட்டளை மறுபடி தாம்பரம் மாநகராட்சி, நாராயணபுரமும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சி. ஒரே தண்ணீர் எல்லையைத் தாண்டித் தாண்டிப் போகிறது. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் நல்ல வடிகால் போட்டாலும், எல்லைக்கு அப்பால் அது எந்த அகலத்தில், எந்த மட்டத்தில் சேர்கிறது என்பதைப் பார்க்க ஒரு படம் வேண்டும். மண்டலத் திட்டமிடல் என்று பெரிய வார்த்தையில் சொல்வதன் நடைமுறை அர்த்தம் எனக்கு இந்த அடுக்கில்தான் புரிந்தது. கடைசியில் எல்லாம் போய்ச் சேரும் பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, 1,247.54 ஹெக்டேர். அந்த எல்லைக்குள் எதையும் தொடக் கூடாது என்று காப்பது அவசியம். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வழிகள் அந்த எல்லைக்கு வெளியே பல கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன, அவற்றுக்கும் அதே அக்கறை வேண்டும்.

படத்தை உள்ளாட்சிப் பொறியாளரிடம் ஏ1 தாளில் அச்சிட்டுக் கொடுத்தோம். அடியில் பெரிய எழுத்தில் ‘இது எல்லை நிர்ணயம் செய்யும் ஆவணம் அல்ல, அரசு சர்வேயரின் அளவீடே இறுதியானது’ என்று போட்டோம். போடத்தான் வேண்டும். எங்கள் பொருத்தத்தில் மிஞ்சிய பிழை ஒரு மீட்டரை ஒட்டியது. ஒரு மீட்டர் என்பது ஒருவரின் சுவர். வாய்க்கால் போகும் இடத்தில் யார் வீடு இருக்கிறது என்ற விவரத்தையும் பொது நகலில் சேர்க்கவில்லை. சில இடங்களில் வாய்க்கால் தனிப் புல எண்ணாக இல்லாமல் பட்டா நிலத்தின் நடுவே இரட்டைக் கோடாக மட்டும் புலப்படத்தில் இருக்கிறது; அங்கே அது புறம்போக்கு கிடையாது, அதனால் வேறு நிறத்தில் காட்டினோம். இந்த வித்தியாசத்தைக் காட்டாமல் எல்லாவற்றையும் ஆக்கிரமிப்பு என்று சிவப்படித்தால், வீட்டுக்கு முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவர் நம் எதிரியாகிவிடுவார், தண்ணீருக்கும் வழி பிறக்காது.

பொறியாளர் முதலில் கேட்டது தரவுக் கோப்புகளைத்தான். எல்லாவற்றையும் ஒரே ஜியோபேக்கேஜில் வைத்திருந்ததால் பென்டிரைவில் கொடுத்துவிட முடிந்தது. ஒவ்வோர் அடுக்கின் பண்புப் பட்டியலிலும் ‘எங்கிருந்து வந்தது’, ‘எந்த நாளில்’, ‘யார் சரிபார்த்தது’ என்ற மூன்று பத்திகள் வைத்திருக்கிறோம். குழாய்ப் புள்ளிக்கு ‘களத்தில் கண்டது, பதிவில் இல்லை’ என்று எழுதியிருக்கிறோம். மூடிய குழாய்க்குப் பதிலாக அந்த இடத்தில் சிறுபாலம் போடுவதை வடிகால் மதிப்பீட்டில் சேர்க்க அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அடுத்த வேலை கீழ் ஏரியின் கலங்கலிலிருந்து அதற்கடுத்த ஏரி வரை உள்ள புலப்படங்களைக் கட்டுவது. அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டு அட்டவணை தயார். கற்களைத் தேடும் வேலையை அக்டோபருக்குள், புதர் மண்டுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும். டேப் பிடிக்கவும் புதர் விலக்கவும் ஆட்கள் தேவை.